வாசலில் நின்றவனுக்கு

இன்று காலை ஷட்டரைத் தூக்கும்போதே ஒரு லக்கேஜ் ஆட்டோ வாசலில் நின்றுகொண்டிருந்தது. பின்னால் கோணிச்சாக்கு சுற்றிய ஒரு என்ஜின். டிரைவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே கொண்டுவந்து மேஜைமேல் வைத்தோம். சாக்கைப் பிரித்ததும் வாடை குப்பென்று அடித்தது. டீசலும் கியர் ஆயிலும் துருவும் வருஷக்கணக்கில் ஊறிப்போன வாடை. ஜாமான என்ஜினுக்குள் இந்தக் கலவையை நீலசந்திரா ஏரியாவில் நம் இரண்டு பேரைத் தவிர யார் ஊற்றுவார்கள்? பாதிக்குப் பாதி என்று நீ சொல்வாய். டீசல் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும் என்று நான் சொல்வேன். அரை மணி நேரம் சண்டை போட்டுவிட்டுக் கடைசியில் நீ சொன்ன அளவில்தான் ஊற்றுவோம். என்ஜின் நம்பரைப் பார்க்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது சந்தாபுரா அம்மாவின் புல்லட் என்ஜின்.

அந்த அம்மாவும் ஆட்டோவின் முன்பக்கத்திலிருந்து இறங்கினார்கள். தலை முழுக்க வெளுத்துவிட்டது. உள்ளே வந்து நாலு பக்கமும் பார்த்தார்கள். உன் ஸ்டூல் காலியாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் பேசினார்கள்.

"அந்த ஆளு போய்ச் சேந்துட்டாருன்னு போன மாசம்தான் கேள்விப்பட்டேன். அதான் வந்தேன். அவரு இருக்கறவரைக்கும் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கக்கூடாதுன்னு இருந்தேன். உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீங்க நல்ல மனுஷன்."

நல்ல மனுஷன் என்ன செய்தான் தெரியுமா? "உட்காருங்கம்மா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

இப்போது மத்தியானம். அந்த அம்மா போய் ஒரு மணி நேரம் ஆகிறது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பழைய ஜாப் கார்டுகளின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். நீ படிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் இதை வேறு யாரிடம் சொல்ல?

அசதியாக இருக்கிறது, மச்சான். தூங்கி எழுந்தால் போகிற அசதி இல்லை இது. நீ போன இந்த இரண்டு வருஷத்தில் வண்டிகள் வருவது குறையவே இல்லை. ஆட்டுக்கொட்டகையிலும் மாடிப்படிக்கு அடியிலும் கிடந்ததையெல்லாம் தேடிப்பிடித்து எடுத்து வருகிறார்கள். போன வாரம் ஹெப்பகோடியிலிருந்து ஒரு ஐடி தம்பி. இருபத்தைந்து வருஷமாக ஜாமாகிக் கிடந்த வண்டி அது. "அண்ணா, அடுத்த சண்டே எங்க கேங் ரைடு இருக்கு. ரீல்ஸ் போடணும். அதுக்குள்ள எந்திரிச்சிடுமா?" என்கிறான். நீயாக இருந்தால், "நீங்க இருபத்தஞ்சு வருஷம் படுத்துட்டு ஒரு வாரத்துல எந்திரிச்சு ஓடிக் காட்டுங்க தம்பி, வண்டியும் ஓடும்" என்று சொல்லி அவனைச் சிரிக்க வைத்திருப்பாய். நான் வள்ளென்று விழுந்தேன். அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போயேவிட்டான்.

நீ மாரிக்குப்பத்தில் முதல் ரயிலைப் பிடித்து, கண்டோன்மென்ட்டில் இறங்கி, பஸ் ஏறி வந்து சேருவாய். வந்ததும் சட்டையைக்கூட மாற்றமாட்டாய், புதிதாக வந்த வண்டி எது என்று கேட்டு அதன் கிக்கரைக் கழற்றிவிடுவாய். கழற்றின கிக்கரில் சொந்தக்காரர் பேரை எழுதிய துணியைக் கட்டி, சுவரில் இருக்கிற ஆணியில் மாட்டிவிடுவாய். வண்டிக்காரர்களுக்குக் கோபம் வரும். 'ஒரே ஒரு உதை உதைச்சுப் பார்க்கலாமே' என்று எல்லாருக்கும் கால் அரிக்கும். "உதைக்கக்கூடாதுன்னுதான் சார் கழட்டி வச்சிருக்கேன். பிஸ்டன் உள்ள துருப்பிடிச்சு ஒட்டிக்கினு இருக்கு. இப்ப உதைச்சா கால் தப்பிச்சிடும், வண்டி தப்பிக்காது" என்பாய்.

அதன்பிறகு பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகக் கலவையை ஊற்றிவிட்டு, இருபத்தொரு நாள் காத்திருப்போம். தினமும் காலையில் டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் பிடித்து முன்னே ஒரு தள்ளு, பின்னே ஒரு தள்ளு. டயரில் சாக்பீஸால் ஒரு கோடு. அந்தக் கோடு ஒரு நூல் நகர்ந்தால் அன்றைக்கு உனக்குத் தீபாவளியும் கிறிஸ்துமஸும் ஒன்றாக வந்த மாதிரி. ஏன் இவ்வளவு நாள் என்று ஒருமுறை நான் சலித்துக்கொண்டபோது உங்கள் கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்து விஷயத்தைச் சொன்னாய். வெடி வைத்த பிறகு உடனே யாரும் உள்ளே போகக்கூடாதாம். புகை அடங்கவேண்டும், மேலே தொங்குகிற கல் விழுந்து முடியவேண்டும். "அவசரமா போனவங்க பேரு வேணும்னா எங்க லைன் வீடுங்கள்ல இருக்கிற விதவைங்களைக் கேளு, வரிசையா சொல்லுவாங்க" என்றாய். உன் அப்பா காத்திருந்து இறங்கினவர். அதனால்தான் பிழைத்து மேலே வந்தார் என்பது உன் கணக்கு.

இதையெல்லாம் எதற்கு உனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்? அந்த நாளைப் பற்றி எழுதப் பயந்துகொண்டு சுற்றி வளைக்கிறேன், வேறென்ன.

ஆறு வருஷத்துக்கு முன்பு அந்த அம்மா முதல்முறை வந்தபோது வண்டி முழுசாக வந்தது. அவர்கள் வீட்டுக்காரர் சந்தாபுராவிலிருந்து ஓசூரில் இருந்த பாக்டரிக்குத் தினமும் அதில்தான் போய்வந்தாராம். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்ததும் வண்டியும் சந்தில் தார்ப்பாயின் கீழே நின்றுவிட்டது. யாரோ பிளக்கைக் கழற்றிவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள், மழைத்தண்ணீர் நேராக உள்ளே இறங்கியிருந்தது. "அவருக்குப் பேச்சு போச்சு. காது மட்டும் நல்லா கேக்கும்னு டாக்டர் சொல்றாரு. வண்டி ரோட்டுல ஓடணும்னு இல்ல. வாசல்ல வச்சு ஒருதடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டினா போதும், அவரு படுத்துக்கிட்டே கேப்பாரு" என்றார்கள். நீ வழக்கம்போலக் கிக்கரைக் கழற்றினாய். "இருபத்தோரு நாள் குடுங்கம்மா, வண்டி சத்தத்தை அவரு காதுக்கு நான் கொண்டாந்து சேக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தாய். அதற்கப்புறம் வாரம் தவறாமல் வியாழக்கிழமை வந்து வண்டியைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

பதினாறாம் நாள் சாக்பீஸ் கோடு ஒரு நூல் நகர்ந்தது. அன்றைக்கு நீ விசிலடித்துக்கொண்டே இருந்தாய்.

பதினெட்டாம் நாள் ஒரு வியாழக்கிழமை. என் மனைவிக்கு ஆபரேஷன் முடிந்து பதினோரு நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் என் வாசம். அங்கிருந்து நேராக ஷெட்டுக்கு வந்தேன். முந்தின நாள் அந்த அம்மா போனில், "அவருக்கு நாளுக்கு நாள் இறங்குது, இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டு அழுதிருந்தார்கள். நீ பங்காருப்பேட்டையிலிருந்து போன் செய்தாய். "சிக்னல் விழல மச்சான், பத்தரை ஆயிடும். நீ சும்மா படு. ஒண்ணுத்தையும் தொடாத." என் குரலைக் கேட்டே நான் எந்த நிலைமையில் இருக்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது.

நான் படுக்கவில்லை. சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தேன். ஒரு நூல் முன்னே, ஒரு நூல் பின்னே, அதற்கு மேல் அசையமாட்டேன் என்றது. எனக்கு ஆத்திரம் வந்தது. வண்டிமேலா, ஆஸ்பத்திரிமேலா, யார்மேல் என்று இன்றைக்கும் தெரியவில்லை. என்ஜின் ஹெட்டைக் கழற்றினேன். பிஸ்டன்மேல் வேப்பங்கட்டையை வைத்துச் சம்மட்டியால் அடித்தேன். இருபது வருஷம் உன்கூட வேலை செய்தவன் செய்கிற காரியமா அது? இரண்டாவது அடிக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதில் பிஸ்டன் இறங்கியது. கூடவே அடியில் டக்கென்று ஒரு சத்தம். உள்ளே ராடு வளைந்து, என்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸ் விரிசல் விட்டிருந்தது. விரிசல் ஓடி ஓடி, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற அந்த என்ஜின் நம்பர்மேலேயே போய் நின்றது.

நீ உள்ளே வந்தாய், பார்த்தாய். "கையில எங்கியாச்சும் அடிபட்டுச்சா?" என்றுதான் முதலில் கேட்டாய். அப்புறம் என் கையிலிருந்த சம்மட்டியை வாங்கினாய். அதை மூலையில் வைக்கத் திரும்புகிற நேரத்தில் அந்த அம்மா வாசலில் வந்து நின்றார்கள்.

"யாரு பண்ணது இது?"

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் நீ, "நான்தாம்மா. அவசரப்பட்டுட்டேன்" என்றாய்.

அவசரம்! அந்த வார்த்தை உன் வாயிலிருந்து, உன்னைப் பற்றியே வந்ததைக் கேட்டுக்கொண்டு நான் அங்கேயே மரம் மாதிரி நின்றேன்.

"முப்பது வருஷம் அவரு கைபட்ட வண்டிய்யா. நீ மெக்கானிக்கா? கசாப்புக்காரன்யா நீ!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்கள். ஆர்கான் வெல்டிங் வைத்துச் சரிசெய்து தருகிறேன் என்று நீ கெஞ்சியதை அவர்கள் காதில் வாங்கவே இல்லை. அன்றைக்கே வண்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகு உன்மேல் பாய்ந்தேன். ஏண்டா அப்படிச் சொன்னாய் என்று. "உன் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கெடக்கா. உனக்கு இன்னிக்கு அதுவே போதும். நாலு நாள் திட்டுவாங்க, அப்பறம் மறந்துடுவாங்க. விடு" என்றாய். அடுத்த வாரம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். நிஜமாகவேதான் சொன்னேன்.

அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரம் அந்த அம்மாவின் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். வண்டிச் சத்தத்தைக் கேட்காமலே போய்விட்டார்.

சாவுக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். நீ மாலை வாங்கி வைத்திருந்தாய். சந்தாபுராவில் அந்த வீட்டு கேட்டருகில் போனதும் அந்த அம்மா உள்ளேயிருந்து எழுந்து வந்தார்கள். உன்னைப் பார்த்து, "நீங்க உள்ள வரவேணாம்" என்றார்கள். என்னைப் பார்த்து, "நீங்க வாங்க" என்றார்கள்.

நான் போனேன்.

நீ கேட்டுக்கு வெளியே நின்றாய். பன்னிரண்டு மணி வெயில். உடம்பை எடுக்கிறவரைக்கும் அங்கேயே நின்றாய். ஊர்வலம் உன்னைக் கடந்து போனபோது, யாருக்கும் தெரியாமல் மாலையைப் பாடையின் கால்மாட்டில் செருகினாய். ஒதுங்கி நின்று கும்பிட்டாய். நான் கூட்டத்துக்கு நடுவில் நடந்துபோனேன்.

நாலு நாளில் மறந்துவிடுவார்கள் என்றாயே, யார் மறந்தார்கள்? பழைய வண்டிக்காரர்களின் வாட்ஸாப் குரூப் முழுக்க அதே பேச்சுதான். கே.ஜி.எஃப். ஆளுக்குப் பொறுமை இல்லை, சம்மட்டி எடுப்பான், அந்த இன்னொருத்தரிடம் கொடுங்கள் என்று. வருகிறவர்கள் எல்லாரும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, நீங்களே கை வைங்க, அவர்கிட்ட விடாதீங்க" என்பார்கள். உனக்கும் கேட்கிற தூரத்தில்தான். "இன்னா மச்சான், நீ ஸ்டாராயிட்ட. நான் உனக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுக்கிற ஆளாயிட்டேன்" என்று சிரிப்பாய். சிரித்துக்கொண்டே மூலையில் உட்கார்ந்து, என் பேரில் வந்த வண்டிகளின் சக்கரத்தை நூல் நூலாகத் தள்ளி அசைத்தவன் நீதான். ஸ்டார்ட் ஆகிற அன்றைக்குச் சொந்தக்காரர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். நானும் கையைக் கொடுத்தேன். நாலு வருஷம் இப்படியே போயிற்று. சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று இருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை நெஞ்சுவலி என்றாய், வெள்ளிக்கிழமை உன்னை மாரிக்குப்பம் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தோம். அங்கேயும் என் பக்கத்தில் நின்ற ஒருத்தர், "நல்ல மனுஷன், கைதான் கொஞ்சம் அவசரம்" என்றார். அதற்கும் தலையாட்டினேன். த்தூ, என்ன பிறவிடா நான்!

இன்று காலை அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "வெல்டிங் வச்சு எப்படியாச்சும் ஓடவச்சுக் குடுங்க. அவருதான் கேக்கல, நானாவது கேட்டுட்டுப் போறேன்" என்றார்கள். நான் விரிசலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தலையாட்டல் போதும், எல்லாம் பழையபடி போய்விடும். உனக்காக என்று சொல்லமாட்டேன். எனக்கு இனி முடியவில்லை, அவ்வளவுதான்.

"இது நான் அடிச்சதும்மா" என்றேன்.

அவர்களுக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். ஆஸ்பத்திரி, ரயில் லேட், மூன்று அடி, நீ சம்மட்டியை வாங்கினது, எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கதையை ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்கள். அதையும் மீறிச் சொல்லி முடித்தேன். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சாவு அன்னிக்கு ஜன்னல்லருந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றார்கள். "மாலையைக் கீழகூட வைக்காம கையிலயே புடிச்சுக்கிட்டு நின்னாரு. வெயில்ல நிக்கட்டும், நல்லா நிக்கட்டும்னு விட்டேன். அந்த மனுஷன் உயிரோட இருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீங்க? இப்ப நான் யார்கிட்ட போய் மன்னிப்பு கேக்கிறது?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அவரு வெளிய நிக்கும்போது நீங்க உள்ள என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"பக்கத்து வீட்ல டீ போட்டுக் குடுத்தாங்கம்மா. குடிச்சேன்."

எழுந்துவிட்டார்கள். என்ஜின் இங்கேயே கிடக்கட்டும், அதைப் பற்றி இப்போது பேச முடியாது என்றார்கள். படியிறங்கிய பிறகு திரும்பி, மாரிக்குப்பத்தில் எந்தக் கல்லறைத் தோட்டம், எப்படிப் போகவேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். ஸ்டேஷனிலிருந்து எந்தப் பக்கம் திரும்பவேண்டும், எத்தனையாவது வரிசை, எல்லாம். கூட வருகிறீர்களா என்று கேட்கவில்லை. நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. அவர்கள் வந்து கேட்பதைக் கேட்டுக்கொள், மச்சான். அந்த அம்மாமேல் ஒரு தப்பும் இல்லை.

அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று எழுதினேன். எல்லாவற்றையும் இல்லை. ஒன்று பாக்கி இருக்கிறது, அது உன்னிடம்தான் சொல்லவேண்டியது. இத்தனை வருஷத்தில் வேறு எதைவிடவும் இதுதான் எனக்குள் கனமாகக் கிடக்கிறது. சாவு வீட்டிலிருந்து திரும்பி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோமே, அப்போது உன் உதடு வெடித்திருந்தது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே என்ன பேசினார்கள் என்று நீ கேட்கவில்லை. "உள்ள ஏதாச்சும் குடிச்சியாடா?" என்றுதான் கேட்டாய்.

"இல்ல" என்றேன்.

எதிரில் இருந்த கடைக்குக் கூட்டிப்போனாய். ஒரு டீ, பை டூ என்றாய். பங்கு பிரித்து வந்த இரண்டு டம்ளரில் எது நிறைய இருக்கிறது என்று குனிந்து பார்த்து, அதை என் பக்கம் தள்ளினாய். "ஆஸ்பத்திரியும் சாவு வீடுமா அலையற, குடி" என்றாய். அதையும் வாங்கிக் குடித்தேன்.